எண்பதாவது கட்டம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம், என் கண்ணைத் தவிர. உன் மனைவிக்கு மசக்கை எப்படி இருக்கிறது? சாப்பிடு சாப்பிடு என்று அவள் உயிரை எடுக்காதே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. போனில் பேசினால் 'சரிக்கா, சரிக்கா, வெச்சிடட்டுமா' என்று ஐந்து நிமிடத்தில் ஓடிவிடுகிறாய். அம்மாவுக்கு அது போதவில்லை. கடிதம் என்றால் சாப்பிட்ட பிறகு ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்கலாமாம். ஆகவே இனி எழுது. இது சட்டாம்பிள்ளையின் உத்தரவு. அந்தப் பட்டத்தை எனக்கு வைத்தவனே நீதானே.

இப்போது விஷயம். நீ தலைமை அலுவலகத்துக் கணினிப் பிரிவில் பெரிய ஆள். நான் இங்கே தண்ணீர் நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையில் பதினோரு வருஷமாக வால்வு திறந்து மூடுகிறவள். நீங்கள் கொடுத்த கறுப்பு ஜன்னலைத்தான், டெர்மினல் என்று சொல்வீர்களே, அதைத்தான் நாளெல்லாம் பார்க்கிறேன். படம் கிடையாது, வரிவரியாக எழுத்து. முப்பத்திரண்டு குழாய், முப்பத்திரண்டு வரி. முதலில் குழாயின் பெயர், அப்புறம் அழுத்தம், அப்புறம் வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, கடைசியில் உள்ளே எத்தனை ஆள். ஃபிட்டர்கள் பழுது பார்க்கப் பெரிய குழாய்களுக்குள் இறங்குவார்கள். இறங்குமுன் குழியின் வாயிலுள்ள பெட்டியில் தலையை எண்ணித் தட்டுவார்கள். ஏறி வந்ததும் ஒவ்வொருவராகக் கழித்துத் தட்டுவார்கள். அந்த எண் என் ஜன்னலின் வலது ஓரத்தில் வந்து நிற்கும். நின்றால் வால்வைத் தொடக் கூடாது. அந்த இடம் காலியாக இருந்தால் தொடலாம். என் வேலை மொத்தமும் இந்த ஒரு விதிதான்.

இந்த ஜன்னலில் எண்கள் எல்லாம் சிப்பாய் மாதிரி நிற்கின்றன. நம் எழுத்துதான் பல்லுப் போன வாய் மாதிரி இருக்கிறது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி யாருடையது என்றே தெரியாது. ஒவ்வொரு பெயரையும் நான் மனசுக்குள் ஒட்டுப்போட்டுப் படிக்கிறேன். சாயந்திரம் ஆனால் கண் எரிகிறது. கண் டாக்டர், "கண்ணாடி பவர் சரியாத்தான் இருக்கு. நாள் பூரா எதைம்மா பாக்குறீங்க?" என்கிறார்.

நல்ல எழுத்தாக மாற்றிக் கொடு. உன் கையில் இல்லாததா?

அம்மா உன்னை நேரத்துக்குத் தூங்கச் சொல்கிறாள்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள சட்டாம்பிள்ளைக்கு,

சோடாபுட்டி எழுதுவது. இந்தப் பெயரை எனக்கு யார் வைத்தது என்று நானும் மறக்கவில்லை. நாங்கள் இருவரும் சுகம். உள்ளே இருக்கும் மூன்றாம் ஆள் உதைக்க ஆரம்பித்துவிட்டது. அம்மாவிடம் இந்த வரியை இரண்டு தடவை படித்துக் காட்டு.

அக்கா, அந்த ஜன்னலில் ஒரு வரிக்கு எண்பது கட்டம். ஒவ்வொரு எழுத்தும் தன் கட்டத்துக்குள் அடங்கி உட்கார வேண்டும். ஆங்கிலம் அடங்கும். நம் எழுத்து அடங்காது. அதனால் அதைப் பிய்த்து, கொம்புக்கு ஒரு கட்டம், காலுக்கு ஒரு கட்டம் என்று உட்கார வைத்திருக்கிறார்கள். அடங்காது என்று கேட்டதும் உனக்குப் பெருமையாக இருக்குமே!

முறைப்படி ஃபாண்ட் மாற்ற ஒரு படிவம் இருக்கிறது. ஏழு கையெழுத்து, மூன்று மாதச் சோதனை. அதற்குள் உன் கண் அவிந்துவிடும். என்னிடம் ஒரு நல்ல எழுத்துரு இருக்கிறது. உன் கணினிக்கு மட்டும் இங்கிருந்தே போட்டுவிடுகிறேன். யாரிடமும் மூச்சு விடாதே. எழுத்து அழகானால் யாருக்கு என்ன நஷ்டம்?

என் மேசைமேல் பதவி உயர்வுக் காகிதம் நகர்ந்துகொண்டிருக்கிறது. வந்தால் முதலில் உனக்குத்தான் எழுதுவேன்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 3

என் ராசா, என் சோடாபுட்டி,

நன்றாக இரு. உன் வீட்டில் மூன்று பேரும் நன்றாக இருங்கள்!

இன்று காலை கணினியைத் திறந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முத்து முத்தாக எழுத்து! கொம்பு தன் எழுத்தோடு ஒட்டி நிற்கிறது. வளைவெல்லாம் வழவழ என்று. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒட்டுப்போடாமல் படித்தேன்.

நம் ஃபிட்டர் அண்ணன் வந்தார். இருபது வருஷமாகக் குழாய்க்குள் இறங்குகிறவர், உனக்கு நான் சொல்லியிருக்கிறேன், எதையும் லேசில் மெச்ச மாட்டார். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "அட, இதெல்லாம் எழுத்துதானா! இத்தனை நாளா ஏதோ பூச்சி ஊர்றதுன்னுல்ல நெனச்சேன்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. பிறகு அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

நீ போட்டுக் கொடுத்தது எப்படித் தெரிகிறது என்று நீயும் பார்க்க வேண்டாமா? இப்போது மணி பத்தே முக்கால். திரையைப் பார்த்து மூன்று வரியை அப்படியே எழுதுகிறேன்.

பூங்கா 2.8 மூடல் 1
பழைய ஆலை 3.1 திறப்பு
கிழக்கு மேட்டுத் தொட்டி இணைப்புக் குழாய் 3.4 மூடல்

கடைசி வரியைப் பார். எவ்வளவு நீளமான பெயர், என்ன கம்பீரம்! 'ணை' என்ற எழுத்து திரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

மதிய இடைவேளையில் இதைத் தபாலில் போட்டுவிடுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை, பயப்படாதே.

உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். நான் வீட்டில் இருக்கிறேன். லீவு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இனி வரும் உன் கடிதத்தை நான் தனியாகப் படித்துவிட்டுத்தான் அவளுக்குப் படிப்பேன், அதனால் ஒளிக்காமல் எழுது.

உனக்குச் செய்தி வந்திருக்கும். என் வாயாலும் கேள். பத்தொன்பதாம் தேதி காலை பதினொன்றே கால். "மேட்டுத் தொட்டி வத்திப்போச்சு, இணைப்பைத் திற" என்று சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார். நான் அந்த வரியைப் பார்த்தேன். விரலை வைத்துக் கடைசிவரை பார்த்தேன். வலது ஓரம் காலி. திறந்தேன்.

உள்ளே ஃபிட்டர் அண்ணனும் இன்னொருவரும் இருந்திருக்கிறார்கள். மற்றவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அண்ணனைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய் வளைவில் மோதியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பிழைத்தார். அலறல் சத்தம் வயர்லெஸ்ஸில் வந்தது. எப்படி மூடினேன் என்று தெரியாது, மூடினேன்.

மறுநாள் காலை, விட்டுவந்த சாப்பாட்டு டப்பாவை எடுக்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். அங்கே விசாரணைக் குழு வந்து உட்கார்ந்திருந்தது, மூன்று பேர். பதிவுக் கோப்பை அச்செடுத்து வைத்திருந்தார்கள். அந்த நிமிஷத்தில் அந்தக் குழாய்க்கு நேராக '2' இருந்தது.

"பாருங்க, ரெண்டுன்னு இருக்கு. நீங்க கவனிக்கல."

"கவனிச்சேன். திரையில இல்ல."

"திரையிலயும் வருதே, வாங்க" என்று என் கணினியிலேயே பழைய பதிவை ஓட்டிக் காட்டினார்கள். வந்தது. வலது ஓரத்தில் கல் மாதிரி ஒரு ரெண்டு. என் கண்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாசல்வரை வந்த பிறகுதான் உறைத்தது. திரையில் இருந்தது பழைய எழுத்து. பல்லுப் போன வாய்.

'கவனக்குறைவால் நேர்ந்தது' என்று ஒரு காகிதம். கையெழுத்துப் போட்டால் கிடங்குக்கு மாற்றிவிட்டு விட்டுவிடுவார்களாம். போட மாட்டேன் என்று சொன்னேன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை தலைமை அலுவலகத்து ஆட்களோடு போனில் பேசக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். கடிதம் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

எழுத்தை யார் திரும்ப மாற்றியது? உங்கள் பிரிவிலிருந்துதான் முடியும். விசாரித்துச் சொல்.

உன் அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். ஆண்டு முடிவுக் கெடுபிடி.

நீ பட்ட கஷ்டத்தை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆனால் அக்கா, பொறுமையாக யோசி. பதிவுக் கோப்பில் எண் இருக்கிறது. குழு அதைத்தான் நம்பும். எழுத்துருவுக்கும் எண்ணுக்கும் சம்பந்தமில்லை, அது வெறும் தோற்றம். பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை கவனம் தவறியது என்றால் யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள். கிடங்கு வேலை ஒன்றும் கேவலமில்லை. கண்ணுக்கும் நல்லது. கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு.

இது உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

அம்மா நலம். நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எழுத்தை யார் திரும்ப மாற்றியது? நீ ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கால் வீக்கம் இருக்கிறது, ஆண்டு முடிவு இருக்கிறது, கிடங்கு இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதிலைக் காணோம்.

ஃபிட்டர் அண்ணனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அண்ணன்தான் உட்காரச் சொன்னார். "நீ பாக்காமலா தொறந்தே?" என்றார்.

"பாத்துட்டுத்தாண்ணே தொறந்தேன். காலியா இருந்துச்சு."

"சரி. அப்ப வேற எதுவோ கோளாறு. கண்டுபிடி."

அவ்வளவுதான் பேசினார். எலும்பு முறிந்து கிடக்கிற மனுஷன் என்னை நம்புகிறார். கூடப் பிறந்தவன் கையெழுத்துப் போடச் சொல்கிறான்.

வீட்டுக்கு வந்து கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். வரிக்கு எண்பது கட்டம் என்று நீதானே சொன்னாய்? எண்பதை எண்ணி, முடிகிற இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு இழுத்தேன். அதுதான் ஜன்னல். பழைய எழுத்தில் துண்டு துண்டாக எழுதினேன், கடைசி எண் சரியாக எண்பதாவது கட்டத்தில் விழுந்தது. பிறகு நீ போட்ட எழுத்து எனக்கு நினைவிருக்கிற மாதிரி எழுதினேன். 'ணை'க்கு நாற்காலி போட்டேன், அதாவது ஒரு கட்டம் கூடுதலாகக் கொடுத்தேன். 'மே'வுக்குப் போட்டேன். 'தொ'வுக்குப் போட்டேன். பூங்கா சின்னப் பெயர், அதற்குப் பின்னால் நிறைய வெற்றுக் கட்டம் இருந்தது, தப்பித்தது. இணைப்புக் குழாய் தப்பவில்லை. எண் எண்பத்து மூன்றாவது கட்டத்தில் போய் விழுந்தது. கோட்டுக்கு வெளியே!

தம்பி, அந்த ரெண்டு கோப்பில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நான் பார்த்த இடத்தில் இல்லை. இப்போது தெரிகிறதா, எழுத்துருவுக்கும் எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று?

ஆனால் என் நோட்டை யார் நம்புவார்கள்? என் சாமர்த்தியம் என்பார்கள். ஒரு சாட்சி உன்னிடம் இருக்கலாம். பிப்ரவரி மூன்றாம் தேதி காலை அதே குழாய்க்குள் மூன்று பேர் இறங்கியிருந்தோம் என்று அண்ணன் சொல்கிறார். அன்றைக்குத்தான் திரையைப் பார்த்து மூன்று வரியை உனக்கு எழுதி அனுப்பினேன். இணைப்புக் குழாயையும் எழுதினேன். அதன் கடைசியில் மூன்று என்று எழுதினேனா, எழுதவில்லையா, எனக்கு ஞாபகமே இல்லை. எழுதியிருந்தால் நான்தான் குற்றவாளி, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எழுதவில்லையென்றால் நான் கண்டதைத்தான் சொல்கிறேன் என்று அந்தக் காகிதம் பேசும். உறைமேல் தபால் முத்திரையும் இருக்கிறது, விபத்துக்குப் பதினாறு நாள் முன்னால்.

அந்தக் கடிதத்தை அனுப்பு.

அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அவளுக்கு இது எட்டாம் மாதம். நேற்றுத்தான் தொட்டில் வாங்கினோம். பதவி உயர்வு அநேகமாக அடுத்த மாதம்.

உன் பழைய கடிதத்தைத் தேடினேன். குழந்தைக்காக அறையைக் காலி செய்தபோது பழைய காகிதத்தோடு போய்விட்டது போலிருக்கிறது. மன்னித்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 16

டேய் சோடாபுட்டி,

ஐந்தாம் வகுப்பில் போன பஸ் டிக்கெட்டை எல்லாம் ஷூ டப்பாவில் அடுக்கி வைத்தவன் நீ. கல்யாணத்துக்குப் பிறகு அந்த டப்பாவைத் தூக்கிப் போடச் சொன்ன பொண்டாட்டியோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் நீ. மூன்று மாதத்துக்கு முன் வந்த அக்காவின் கடிதம் போய்விட்டதாம். யாரிடம் காது குத்துகிறாய்?

கடிதம் உன்னிடம் இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்துவிட்டாய். அதில் மூன்று இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பாய், 'பார் அக்கா, உன் தப்புதான்' என்று. நீ அனுப்பாததிலிருந்தே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஒன்றரை மாதமாக நான் குற்றவாளியா இல்லையா என்று தெரியாமல் சோறு இறங்காமல் கிடந்தேன். அந்த ஒன்றரை மாதத்துக்கு உன்னை லேசில் மன்னிக்க மாட்டேன், தெரிந்துகொள்.

எழுத்தைத் திரும்ப மாற்றியவனும் நீதான். இதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஜூன் பன்னிரண்டாம் தேதி கடைசி விசாரணை. என் மனுவை எழுதி முடித்துவிட்டேன். 'இந்த எழுத்தை மாற்றித் தரும்படி விதியை மீறிக் கேட்டது நான்' என்பது முதல் வரி. 'மாற்றித் தந்தது என் தம்பி' என்பது இரண்டாவது வரி. உன் பெயரை நான் மறைக்கப் போவதில்லை. பதவி உயர்வு போகும், வேலைகூடப் போகலாம். தெரிந்துதான் எழுதுகிறேன். தொட்டிலை நினைத்து மூன்று நாள் அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் எழுதினேன்.

ஏன் தெரியுமா? என் மானத்துக்காக மட்டும் இல்லை. நான் கவனக்குறைவு என்று கையெழுத்துப் போட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். நாளைக்கு வேறொரு ஊரில் வேறொரு சோடாபுட்டி வேறொரு அக்காவுக்கு நல்ல எழுத்து போட்டுக் கொடுப்பான். அங்கேயும் ஒருவர் குழாய்க்குள் இருப்பார்.

கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டம் போட்ட நோட்டோடு போவேன். சிரித்தால் சிரிக்கட்டும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் கடிதங்களை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

அக்கா


ஜூன் 2

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. ஷூ டப்பாவிலேயே இருக்கிறது.

விபத்துச் செய்தி அன்று மதியமே வந்தது. எந்த வால்வு என்று கேட்டதும் வீட்டுக்கு ஓடி வந்து உன் கடிதத்தை எடுத்தேன். மூன்றாவது வரியின் கடைசியில் ஒன்றும் இல்லை. அலுவலகத்துக்குத் திரும்பிப் போய் நீ கடிதம் எழுதிய தேதியின் பதிவைப் பார்த்தேன். 3 இருந்தது. சாயந்திரம் எல்லோரும் கிளம்பியதும் பழைய எழுத்தைத் திரும்பப் போட்டேன். இன்னொரு விபத்து நடக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். குழு வருவதற்குள் மாற்றிவிட வேண்டும் என்பதுதான் நிஜம்.

நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்று நம்பினேன். என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவளைப் பற்றி நான் எப்படி அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

நேற்று என் மனைவியிடம் சொன்னேன். தொட்டில் அருகே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்த ஃபிட்டருக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "முதல்ல அதைத் தெரிஞ்சிட்டு வா" என்றாள்.

கடிதத்தை உனக்கு அனுப்பப் போவதில்லை. கோபப்படாதே, முழுக்கப் படி. உன் கையிலிருந்து அது வந்தால் நீயே எழுதிக்கொண்டாய் என்பார்கள். உறையோடு, முத்திரையோடு நானே கொண்டுவருகிறேன். பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை அறை வாசலில் இருப்பேன். நான் இல்லையென்றால் உன் மனுவில் என் பெயரை இன்னும் பெரிய எழுத்தில் எழுது.

சோடாபுட்டி


ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம், நான் நலம், என் மருமகள் நலம்தானே? போட்டோ வந்தது. மூக்கு உன்னுடையது, பாவம். முறைப்பு என்னுடையது, பிழைத்துக்கொள்வாள். அம்மா போட்டோவைக் கையிலிருந்து கீழே வைப்பதில்லை.

அன்றைக்கு உன் வாக்குமூலம் முடிந்ததும் உன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு உள்ளே நடந்ததைக் கேட்க நீ நிற்கவில்லை. நான் வெளியே வருமுன்பே பஸ் பிடித்துப் போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன்.

என் கடிதத்தை மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். உறையைப் பார்த்தார்கள். மூன்றாம் தேதிப் பதிவை எடுத்துவரச் சொன்னார்கள். என் கணினியில் உன் எழுத்தைத் திரும்பப் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று வரவில்லை. பத்தொன்பதாம் தேதிப் பதிவை ஓட்டினார்கள். ரெண்டு வரவில்லை. குழுத் தலைவர் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலப்படுத்தினார். ரெண்டு வந்தது! நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். உனக்குத் தெரிந்தால் கேலி செய்வாய், செய்துகொள்.

பிறகு தலைவர், "இதுக்குத்தான் இந்த மொழிப் பேரெல்லாம் வேண்டாங்கறது. இனிமே எண் மட்டும் போட்டுடலாம். எழுத்தே இல்லேன்னா பிரச்சினையே இல்ல" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஃபிட்டருங்க குழாயை எண் சொல்லியா கூப்பிடறாங்க? வயர்லெஸ்ல 'இணைப்பு, இணைப்பு'ன்னு கத்துவாங்க. நான் எண்ணைத் தேடிட்டு இருக்கவா? எழுத்து அகலமா இருந்தா ஜன்னலை அகலமாக்குங்க. அதுவும் முடியலேன்னா, உள்ளே எத்தனை ஆள்னு காட்டுறதைக் கொண்டுவந்து முன்னாடி வைங்க. முதல்ல ஆளு, அப்புறம் பேரு. பேரு எவ்வளவு வேணா நீளட்டும், ஆளைத் தள்ள முடியாதுல்ல? மனுஷனைக் கடைசிக் கட்டத்துல உக்கார வெச்சது எந்த எழுத்தும் இல்ல சார். நீங்கதான்" என்றேன்.

கோடி நாற்காலியில் இருந்தவர் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு உனக்குத் தெரியும். உன் பதவி உயர்வு போனது. உன்னைப் புகார்ப் பிரிவில் உட்கார வைத்துவிட்டார்கள். விதியை மீறிக் கேட்டதற்கு எனக்கு எழுத்துமூலம் கண்டனம். அதில் கையெழுத்துப் போட்டேன், கேட்டது நான்தானே. 'கவனக்குறைவு' என்ற காகிதத்தில் போடவில்லை. அதை என் கண் முன்னால் கிழித்துவிட்டு, வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள்.

நான் சொன்ன மாற்றத்தைச் செய்ய அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை, கடைசியில் உன்னையே கூப்பிட்டுச் செய்யச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டேன். ஏழு கையெழுத்தும் வாங்கினாயாமே! முப்பத்திரண்டு பெயரையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாயாமே!

போன திங்கட்கிழமை அது வந்தது. அன்றைக்கே ஃபிட்டர் அண்ணனும் வந்தார், கைத்தடியோடு. இனிமேல் அவர் இறங்க முடியாது. மேலே நின்று ஆட்களை இறக்கும் வேலை. திரையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"நாங்க எங்க இருக்கோம்?"

நான் இடது ஓரத்தைக் காட்டினேன். வரியின் முதல் கட்டம். அன்றைக்கும் இணைப்புக் குழாய்க்குள் அவர் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். 2. அதற்கு அப்புறம்தான் பெயர், முத்து முத்தாக, அதன் இஷ்டத்துக்கு நீண்டு போகிறது.

அப்போது போன் அடித்தது. சூப்பர்வைசர். மேட்டுத் தொட்டி மறுபடி வற்றிவிட்டதாம். "இணைப்பைத் திற, சீக்கிரம்!"

"உள்ளே ரெண்டு பேர் இருக்காங்க."

"வெளிய வந்திருப்பாங்கம்மா. அஞ்சு நிமிஷம் முன்னாடியே ஏறச் சொல்லியாச்சு. தெரு பூரா போன் மேல போன். திற!"

"ரெண்டு இருக்கு சார்."

அவர் வாய்க்கு வந்தபடி கத்தினார். நான் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபிட்டர் அண்ணன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் அந்த ரெண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது நிமிடம் ஆயிற்று. ரெண்டு, ஒன்று ஆனது. பிறகு அந்தக் கட்டம் காலியானது.

"இப்பத் தொற" என்றார் அண்ணன். திறந்தேன்.

அவருக்கு இரண்டு பெண், ஒரு பையன். போன மாதம் நீ அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததை என்னிடம் சொல்லவில்லை. அவர் சொன்னார். அவர் மனைவி உனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். மறுபடி போ. கொடுக்கிறவரை போ.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் ஒருமுறை வாருங்கள். அந்த ஒன்றரை மாதத்துக்கு உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. வந்தால் நேரில் திட்டிக்கொள்கிறேன்.

உன் அக்கா